டீபி மாத்த ரெண்டு நிமிசம், அதுக்குப் பின்னால உள்ள கதவெல்லாம் பூட்ட ஒரு பின்னேரம்

மட்டக்களப்பு கல்லடில இரிக்கிற எங்கட மாமிட வட்ஸ்அப் படத்த ஆரோ ஒருத்தன் எடுத்து, புது நம்பர் ஒண்டில அதையே டீபியா போட்டு, கட்டார்ல வேல செய்யிற அவட மகனுக்கு மெசேஜ் அனுப்பியிரிக்கான். "மகனே, அம்மாட போன் தண்ணிக்குள்ள விழுந்துட்டு, இதான் இப்ப நம்பர், அவசரமா நாப்பதாயிரம் வேணும், இந்த எக்கவுண்டுக்கு போட்டு விடு, பிறகு கதைக்கிறன்." மச்சான் பேங்க் அப்பத் திறந்து எக்கவுண்ட் நம்பர் அடிக்கிற நேரம்தான் அவனுக்கு ஒண்டு பட்டிரிக்கு. மாமி அவன "மனே" எண்டுதான் கூப்பிடுவா, "மகனே" எண்டு ஒரு நாளும் சொன்னதில்ல. உடன பழைய நம்பருக்கு கோல் எடுத்திரிக்கான், மீன் வெட்டிக்கொண்டு இருந்த மாமி கையக் கழுவிட்டு எடுத்து "என்ன மனே இந்த நேரத்தில" எண்டிரிக்கா. நாப்பதாயிரம் தப்பிச்சிது.

அண்டைக்கு பின்னேரமே மாமி போனத் தூக்கிக்கொண்டு எங்கட வீட்டுக்கு வந்துட்டா, "இந்தா, இதில என்னத்தையெண்டாலும் செஞ்சி பூட்டித் தா" எண்டு. அவட போன்ல நான் செஞ்சதத்தான் இஞ்ச எழுதுறன், உங்கட அம்மா மாமிமாருக்கும் செஞ்சி குடுக்கலாம், அதுக்கு முதல் உங்கட போன்ல செய்ங்க.

முதல்ல ஒண்டு விளங்கிக்கொள்ளணும், அந்தக் கள்ளன் ஒண்டையும் ஹேக் பண்ணல்ல. மாமிட படம் வட்ஸ்அப்ல எல்லாருக்கும் திறந்து கிடந்தது, மகன்ட பேரும் கட்டார் கதையும் மாமிட பேஸ்புக்ல கிடந்தது, மகன்ட கட்டார் நம்பர் அவன்ட பேஸ்புக்லயே எபவுட்டுக்குள்ள கிடந்தது. மூண்டையும் பொறுக்கி எடுத்து ஒட்ட அவனுக்கு பத்து நிமிசம் போயிரிக்காது. டீபி எண்டுறது கடைக்கு முன்னால தொங்குற போட் மாதிரி, ரோட்டால போற எல்லாருக்கும் தெரியத்தான் செய்யும், பேஸ்புக்லயும் இன்ஸ்டாலயும் அத முழுசா மறைக்கவும் ஏலாது. அதால ரெண்டு வேல இரிக்கு: போட்ல என்ன எழுதுறம் எண்டு யோசிச்சி எழுதுறது, கடைக்குள்ள போற கதவுகளப் பூட்டுறது.

படம் எடுக்கிற கதை

நல்ல கெமரா தேவையில்ல, நல்ல வெளிச்சம் இரிந்தா போதும். எங்கட கடற்கர கிழக்கப் பாத்தது எண்டதால விடிய ஆறரை ஏழு மணிக்கு கடலப் பாத்து நிண்டா முகத்தில மெல்லிசான வெளிச்சம் விழும், ஒரு பில்டரும் தேவையில்ல. பத்து மணிக்கு மேல எடுத்தா கண்ணுக்குக் கீழ கறுப்பு நிழல் விழும், பிறகு அத அழிக்க அப் தேடணும். வெளிய போக நேரமில்லாட்டி வீட்டு விறாந்தைல நிழலுக்குள்ள நிண்டு வெளிச்சம் வாற பக்கம் முகத்தத் திருப்புங்க. சூரியன முதுகுக்குப் பின்னால வெச்சி எடுத்தா நீங்க கறுப்பாவும் வாவி வடிவாவும் வரும்.

எல்லா அப்லயும் படம் வட்டமா வெட்டுப்படும். கலியாண வீட்டு குரூப் போட்டோவ டீபியா வெச்சா வட்டத்துக்குள்ள உங்கட முகம் கடுகளவு, பக்கத்தில மாமாட பாதிக் காது. முகம் நடுவில, தலைக்கு மேல கொஞ்சம் இடம், சதுரமா வெட்டின படம், இவ்வளவுதான் தேவை.

மறுகா, படத்தில உங்களுக்குப் பின்னால என்ன நிக்கிது எண்டு பாருங்க. பாலமீன்மடு வெளிச்சவீடு, கல்லடிப் பாலம், பாசிக்குடா எண்டு எது நிண்டாலும் பிரச்சினையில்ல, ஊரே அங்க போய்த்தான் படம் எடுக்கிது. உங்கட வீட்டு கேட்டு, ஒழுங்கைப் பேர் போட், மோட்டச்சைக்கிள் நம்பர் பிளேட், வேலை செய்யிற இடத்து கழுத்துப்பட்டி, பள்ளிக்கூட டையும் பெட்ஜும், இதெல்லாம்தான் பிரச்சினை. இஸ்கூல் உடுப்போட ஒரு புள்ளைட படம் இரிந்தா அந்தப் புள்ள எந்தப் பள்ளிக்கூடம், எத்தின மணிக்கு எந்த கேட்டால வெளிய வரும் எண்டு இஞ்ச உள்ள ஆருக்கும் சொல்லத் தெரியும், எங்கட ஊர் அவ்வளவு சின்னது. சின்னப் புள்ளையளிட முகத்த டீபியா வெக்கிற தாய் தகப்பன்மார் கொஞ்சம் யோசிங்க, அந்தப் புள்ளைட்ட ஆரும் கேக்கல்ல.

இஞ்ச கனபேர், விசேசமா பொம்புளப் புள்ளையள், ரோசாப்பூவோ நடிகைட படமோதான் வெக்கிற, அது அவங்கட விருப்பம், ஆரும் கேள்வி கேக்கத் தேவையில்ல. ஆனா அதில ஒரு விசயம் கனபேருக்கு விளங்குறதில்ல. உங்கட டீபி கூகிள்ல எடுத்த ரோசாப்பூ எண்டா, உங்கட பேர்ல போலி எக்கவுண்ட் திறக்கிறவனுக்கும் அதே ரோசாப்பூ சும்மா கிடைக்கும், உங்கட கூட்டாளிமாருக்கு எது நீங்க எண்டு பிரிச்சிப் பாக்க ஒரு அடையாளமும் இரிக்காது. முகம் போட விருப்பமில்லாட்டி உங்கட கையால கீறின கோலம், உங்கட வளவில பூத்த பூ, பின்பக்கமா நிண்டு வாவியப் பாக்கிற படம் எண்டு நீங்களே எடுத்த ஒண்டப் போடுங்க. அதையும் களவெடுக்கலாம்தான், ஆனா ஒரிஜினல் உங்கட போன்ல இரிக்கும், முறைப்பாடு குடுக்கிற நேரம் அது உதவும்.

கெமராவில லொகேசன் ஓன் ஆகிக் கிடந்தா எடுத்த இடம் படத்துக்குள்ளயே பதிஞ்சி போகும். வட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது கழண்டுடும், டொக்கியுமெண்டா அனுப்பினா அப்பிடியே போகும், கிளியரா வரும் எண்டு கனபேர் டொக்கியுமெண்டாத்தான் அனுப்புற. கெமரா செட்டிங்ஸ்ல போய் லொகேசன ஓப் பண்ணிட்டா இந்தத் தலையிடி இல்ல. முகத்த சாறி கட்டின மாதிரி மாத்தித் தாறன், கிழவியாக்கித் தாறன் எண்டு வாற அப்களுக்கு முழு கெலரியையும் திறந்து விடாதீங்க, புது போன்கள்ல "தெரிவு செஞ்ச போட்டோ மட்டும்" எண்டு குடுக்க ஒரு ஒப்சன் கேக்கும், அத அமத்துங்க.

வட்ஸ்அப்

படம் மாத்துறது லேசு. செட்டிங்ஸுக்குள்ள போய் மேல உள்ள உங்கட வட்டத்த அமத்தி, எடிட் குடுத்து, கெலரில இருந்து எடுத்து, வட்டத்துக்குள்ள சரிப்படுத்தி டன் குடுங்க, முடிஞ்சிது.

இனி மாமிட வீட்டுக் கதவு. செட்டிங்ஸ், அங்கால பிரைவசி, அதுக்குள்ள ப்ரொபைல் போட்டோ. நாலு ஒப்சன் இரிக்கும்: எவ்ரிவன், மை கொன்டக்ட்ஸ், மை கொன்டக்ட்ஸ் எக்செப்ட், நோபடி. மாமிடது எவ்ரிவன்ல கிடந்தது, அதாவது அவட நம்பர சேவ் பண்ணுற உலகத்தில உள்ள எவனுக்கும் அவட முகம் தெரியும். மை கொன்டக்ட்ஸுக்கு மாத்தினன். மாத்திட்டு அவட கொன்டக்ட் லிஸ்ட்டப் பாத்தா மீன்காரர், ஓட்டோக்காரர் மூண்டு பேர், கேஸ் கொண்டுவாறவர், கரண்ட் வேலைக்கு ஒருக்கா வந்த ஆள், சீட்டுக்காரி, "ராசாத்தி புது", "ராசாத்தி பழசு" எண்டு முந்நூறு பேர். மை கொன்டக்ட்ஸ் எண்டா நம்மட போன்ல சேவ் பண்ணின எல்லாரும்தான், அதில சொந்தக்காரர் ஆரு மீன்காரர் ஆரு எண்டு வட்ஸ்அப்புக்குத் தெரியாது. அதுக்குத்தான் அந்த எக்செப்ட் இரிக்கு, அதுக்குள்ள போய் படம் காட்டத் தேவையில்லாத ஆக்களுக்கு டிக் போட்டு விடலாம், அவங்களுக்கு நோட்டிபிகேசன் எல்லாம் போகாது, சண்டை வராது. மாமிக்கு அத முழுசா செய்யப் பொறுமையில்ல, சீட்டுக்காரிய மட்டும் போடச் சொன்னா, ஏனெண்டு நான் கேக்கல்ல.

அதே பிரைவசிக்குள்ள குரூப்ஸ் எண்டு ஒண்டு இரிக்கு, அதையும் மை கொன்டக்ட்ஸுக்கு மாத்துங்க, இல்லாட்டி "வீட்டில இருந்து நாளைக்கு பத்தாயிரம் உழைக்கலாம்" குரூப்ல எல்லாம் ஆரோ கொண்டுபோய் சேத்து விடுவான். கோயில் திருவிழா குரூப், இஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப் எண்டு நூறு இருநூறு பேர் உள்ளதில நீங்க இரிந்தாலும், உங்கட போன்ல இல்லாத ஆக்களுக்கு இனி உங்கட படம் தெரியாது. கோல்ஸுக்குள்ள தெரியாத நம்பர சத்தமில்லாம ஆக்குற ஒப்சனும் இரிக்கு. மறுகா எக்கவுண்டுக்குள்ள போய் டூ ஸ்டெப் வெரிபிகேசன ஓன் பண்ணி ஆறு இலக்க பின் ஒண்டு போடுங்க. எஸ்எம்எஸ்ல வாற ஆறு இலக்க கோட உங்களிட்ட ஆரும் ஏமாத்தி வாங்கினாலும், அந்த பின் இல்லாம உங்கட வட்ஸ்அப்ப அவன்ட போன்ல திறக்கேலாது. அந்தக் கோட ஆருக்கும் சொல்லக்கூடாது எண்டு மாமிக்கு மூண்டு தரம் சொன்னன், "உனக்குமா" எண்டு கேட்டா, எனக்கும்தான்.

பேஸ்புக்

இதில படம் மாத்தப் போறவங்க ஒண்டக் கவனிங்க. உங்கட வட்டத்த அமத்தி, படத்தத் தெரிவு செஞ்சி, சேவ் குடுக்கிறதுக்கு முதல் நியூஸ் பீட்ல ஷெயார் பண்ணுற டிக் ஒண்டு கிடக்கும், ஊருக்கெல்லாம் அறிவிக்க விருப்பமில்லாட்டி அத எடுத்துட்டு சேவ் குடுங்க. பிறந்தநாள், கிரிக்கெட் மெச் எண்டு கொஞ்ச நாளைக்கு மட்டும் வெக்கிறதெண்டா மேக் டெம்பரரி எண்டு ஒண்டு இரிக்கு, நீங்க குடுத்த நேரம் முடிய பழைய படம் தானா திரும்பி வரும்.

சேவ் ஆனதுக்குப் பிறகு அந்தப் படத்தத் திறந்து, மூலைல உள்ள மூண்டு புள்ளிய அமத்தி, ஓடியன்ஸ ஒன்லி மீ ஆக்குங்க. படம் மறையாது, சின்ன வட்டம் எல்லாருக்கும் தெரிஞ்சிகொண்டுதான் இரிக்கும், ஆனா வெளியாள் அமத்தினா பெருசா திறக்காது, லைக் கொமெண்ட் போட்ட ஆக்களிட பேரும் அவனுக்குத் தெரியாது. களவெடுக்கிறவன் பெரிய கிளியரான படத்தத்தான் விரும்புவான், இந்த ஒரு அமத்தலோட அவனுக்குக் கிடைக்கிறது மங்கலான ஒரு சின்ன வட்டம்தான். பழைய டீபி எல்லாம் ப்ரொபைல் பிக்சர்ஸ் எண்டுற அல்பத்துக்குள்ள கிடக்கும், ஒவ்வொண்டுக்கும் தனித்தனிய மாத்தணும், மாமிக்கு அதுக்குள்ள பதினெட்டு படம், அதில ரெண்டு அவட மூத்தவள்ட சாமத்திய வீட்டுப் படம், பப்ளிக்கா. கவர் போட்டோவும் எப்பவும் பப்ளிக்தான், அதால குடும்பமா நிண்டு எடுத்தத அங்க வெக்காம ஒரு வயல்வெளியையோ கடலையோ வெச்சிட்டு விடுங்க.

சிலபேர்ட போன்ல ப்ரொபைல்ல மூண்டு புள்ளிக்குள்ள லொக் ப்ரொபைல் எண்டு ஒண்டு காட்டும். காட்டினா யோசிக்காம அமத்துங்க. பிரண்ட்ஸ் அல்லாத ஆக்களுக்கு உங்கட போஸ்டும் படங்களும் தெரியாது, பழைய பப்ளிக் போஸ்ட் எல்லாம் பிரண்ட்ஸுக்கு மாறிடும், டீபியும் பெருசா திறக்காது, டெக் பண்ணினா உங்களிட்ட கேட்டுட்டுத்தான் டைம்லைனுக்கு வரும். காட்டாட்டி இதெல்லாத்தையும் செட்டிங்ஸ்ல ஒவ்வொண்டாத் தேடி மாத்தணும், கொஞ்சம் சோலிதான்.

எல்லாத்தையும் விட முக்கியமான ஒண்ட ஆரும் செய்யிறதில்ல, பிரண்ட் லிஸ்ட்ட மறைக்கிறது. உங்கட பேரும் படமும் போட்டு போலி எக்கவுண்ட் திறக்கிறவன் அடுத்து என்ன செய்வான் எண்டு யோசிச்சிப் பாருங்க, உங்கட பிரண்ட் லிஸ்ட்டத் திறந்து வெச்சி ஒவ்வொரு ஆளுக்கும் ரிக்வெஸ்ட் அனுப்புவான், "பழைய எக்கவுண்ட் போயிட்டு" எண்டு. அந்த லிஸ்ட் தெரியாட்டி அவன்ட கைல படம் மட்டும்தான், படத்த வெச்சி ஆரிட்டப் போய் காசு கேக்கிற? செட்டிங்ஸ்ல, ஆக்கள் உங்களக் கண்டுபிடிக்கிற விதம் எண்டு வாற இடத்தில பிரண்ட் லிஸ்ட்ட ஒன்லி மீ ஆக்குங்க, போன் நம்பரால தேடுறதையும் ஈமெயிலால தேடுறதையும் குறைங்க, கூகிள் மாதிரி வெளித் தேடல்ல உங்கட ப்ரொபைல் வாறதயும் அங்கயே நிப்பாட்டலாம்.

எபவுட்டுக்குள்ள உள்ள நம்பர எடுங்க. பிறந்த தேதியையும் ஒன்லி மீ ஆக்குங்க, அதுக்கு ஒரு காரணம் இரிக்கு. எங்கட பழைய அடையாள அட்ட நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினாவது நாள் எண்டது, பொம்புளையள் எண்டா அதோட 500 கூட்டும். 1990 சனவரி 1 பிறந்த ஒரு பொம்புளைட நம்பர் 90501 எண்டுதான் தொடங்கும். 2016ல இருந்து வாற 12 இலக்க நம்பர்லயும் இதே கணக்குதான், வருசம் மட்டும் நாலு இலக்கமா வரும். அப்ப தேதியப் பப்ளிக்கா போட்டா ஐடி நம்பர்ட முன்பாதிய நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. இதோட ஏஎல் ரிசல்ட் வந்த அண்டைக்கு சுட்டெண் தெரியிற ஸ்கிரீன்சொட்ட சந்தோசத்தில அப்பிடியே போடுற புள்ளையளும், விசா வந்த அண்டைக்கு பாஸ்போட் பக்கத்தப் போடுற அண்ணன்மாரும் இரிக்காங்க, அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல.

கதிர்காமத்துக்கு பாதயாத்திர போறவங்க உகந்தையில நிண்டு குடும்பத்தோட எடுத்து உடனயே கவர் மாத்துறதும் இதில சேரும். காட்டுக்குள்ள சிக்னல் இல்லாத நாலஞ்சி நாளைக்கு வீட்டில ஒருத்தரும் இல்ல எண்டு ஊருக்கு நோட்டீஸ் அடிச்ச மாதிரி. வந்து போடுங்களன், முருகன் கோவிக்க மாட்டார்.

இன்ஸ்டாலயும் டிக்டொக்லயும் எக்கவுண்ட பிரைவட் ஆக்குற சுவிச் செட்டிங்ஸ்ல இரிக்கு, ஓன் பண்ணுங்க, ஆனா பிரைவட் ஆக்கினாலும் டீபி, பேர், பயோ எல்லாருக்கும் தெரியும் எண்டத மறக்காதீங்க, பயோவில வட்ஸ்அப் நம்பர் எழுதி வெச்சிட்டு பிரைவட் ஆக்கி வேலையில்ல.

எல்லாம் முடிஞ்சா சரியா எண்டு பாக்கணும். பேஸ்புக்ல ப்ரொபைல்ட மூண்டு புள்ளிக்குள்ள வியூ அஸ் இரிக்கு, வெளியாள் கண்ணுக்கு உங்கட பக்கம் எப்பிடித் தெரியிது எண்டு அது காட்டும். வட்ஸ்அப்புக்கு, உங்கட போன்ல நீங்க சேவ் பண்ணாத ஆளிட போன்ல இருந்து உங்கட நம்பரப் பாக்கணும், நாங்க முன் வீட்டுப் பொடியன்ட போன்ல பாத்தம், மாமிட இடத்தில சாம்பல் நிற பொம்மைதான் நிண்டுது. போன ரிப்பேருக்குக் குடுக்கிற நேரமும் கவனம், சாம்சுங் புது போன்கள்ல மெயின்டனன்ஸ் மோட் எண்டு ஒண்டு இரிக்கு, அத ஓன் பண்ணிக் குடுத்தா கடைக்காரருக்கு உங்கட படமோ மெசேஜோ தெரியாது.

ஏற்கனவே களவு போயிட்டா

கோவத்தில முதல் வேலையா புளொக் பண்ணாதீங்க. அந்தப் போலிப் பக்கம், நம்பர், மெசேஜ், எக்கவுண்ட் நம்பர் எல்லாத்தையும் ஸ்கிரீன்சொட் எடுத்து, ப்ரொபைல் லிங்கையும் கொப்பி பண்ணி வைங்க, பிறகு அவன் பேர மாத்திட்டு நிண்டா காட்ட ஒண்டும் இரிக்காது. மறுகா ரிப்போட் குடுங்க, பேஸ்புக்ல போலிப் பக்கத்தில மூண்டு புள்ளிக்குள்ள ரிப்போட் ப்ரொபைல் போய், வேற ஆளா நடிக்கிறதா குடுத்து உங்களத் தெரிவு செய்யணும். கூட்டாளிமாரிட்டயும் சொல்லுங்க, அவங்க குடுக்கிற நேரம் "என்ட கூட்டாளி மாதிரி நடிக்கிறான்" எண்டதத் தெரிவு செய்யணும். உங்கட உண்மையான பக்கத்தில ஒரு போஸ்டும் போடுங்க, காசு கேட்டா குடுக்காதீங்க எண்டு, வெக்கப்பட ஒண்டுமில்ல.

காசு போயிட்டா, மிரட்டல் வந்தா பொலிசுக்குப் போங்க, 2024ல வந்த 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில ஆள்மாறாட்டம் செஞ்சி ஏமாத்துறதும் குற்றம். அந்தச் சட்டத்தில கருத்துச் சுதந்திரம் பத்தி பெரிய பிரச்சினையெல்லாம் இரிக்கு, அது வேற கதை. பொலிசுக்கு தனியப் போகப் பயமா இரிக்கிற புள்ளையள் ஹிதவதிட்டக் கதைக்கலாம், இணையத்தில தொல்லைப்படுற ஆக்களுக்கு உதவி செய்யிற இடம். கோல் எடுக்கிற உதவி நம்பர் பொம்புளையளுக்கு 1938, பதினெட்டு வயசுக்குக் கீழ எண்டா தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைட 1929. ஆராவது உங்கட அந்தரங்கப் படத்த வெளிய விடுறன் எண்டு மிரட்டினா ஸ்டொப் என்சிஐஐ எண்டுற தளம் இரிக்கு, படம் உங்கட போன விட்டுப் போகாது, அதுட கைரேகை மாதிரி ஒரு கோட் மட்டும்தான் போகும், அத வெச்சி பேஸ்புக், இன்ஸ்டா மாதிரி இடங்கள்ல அந்தப் படம் ஏறுறதத் தடுப்பாங்க. பதினெட்டுக்குக் கீழ உள்ள புள்ளையளுக்கு அதே மாதிரி டேக் இட் டவுன் எண்டுற தளம் இரிக்கு. புள்ளையளுக்கு ஏசாதீங்க, ஏச்சுக்குப் பயந்துதான் அதுகள் மிரட்டுறவனுக்கு காசு குடுத்துக்கொண்டு இரிக்கிற.

கடைசியா மாமிக்கும் மச்சானுக்கும் இடையில ஒரு ரகசியக் கேள்வி வெச்சிக் குடுத்தன். ஆராவது ஒருத்தர் மெசேஜ்ல காசு கேட்டா மற்ற ஆள் முதல்ல "நம்மட செவலப் பசுட பேர் என்ன" எண்டு கேக்கணும், பதில் சரியா வந்தாத்தான் காசு. பேஸ்புக்ல எங்கயும் இல்லாத, வெளியாளுக்குத் தெரியாத ஒண்டா இரிக்கணும் எண்டுதான் அத எடுத்தம். புது டீபியும் வெச்சாச்சி, மறுநாள் விடிய கல்லடிக் கடற்கரைல நானே எடுத்தது, கிழவியாத் தெரியிதோ எண்டு நாலு தரம் கேட்டுட்டுத்தான் ஓம் எண்டா. மற்றக் கிழமை மருந்துக்கு காசு தேவைப்பட்டு மாமி உண்மையாவே மெசேஜ் போட, மச்சான் ஒழுங்கா கேள்வியக் கேட்டிரிக்கான். மாமிக்கு பசுட பேர் மறந்து போச்சி. அவன் காசு அனுப்பல்ல, அவ ரெண்டு நாள் அவனோட கதைக்கல்ல, இப்ப பேர ஒரு துண்டில எழுதி சாமி அறைக்குள்ள வெச்சிரிக்கா.